மைனஸ் பத்தில் பயணம்: என்ன போடுவது, எப்போது கழற்றுவது

கனத்த ஜாக்கெட்டை அப்புறம் பார்க்கலாம். முதலில் உள்ளே போடும் தெர்மலைச் சரியாக வாங்குங்கள். பருத்தி பனியன் வேண்டவே வேண்டாம். வேர்வையைக் குடித்துவிட்டுக் காயாமல் ஒட்டிக்கொண்டு கிடக்கும், ஈரம் உடம்புச் சூட்டை இழுத்துவிடும். மெரினோ கம்பளியோ பாலியெஸ்டரோ, மேலுக்கும் காலுக்கும், உடம்போடு ஒட்டினாற்போல் இருக்கட்டும். அதன்மேல் ஃப்ளீஸ், அதாவது பஞ்சுபோல் மெத்தென்ற செயற்கை இழை மேலாடை. அதற்கும் மேல் காற்றும் தண்ணீரும் புகாத, தொடைவரை வரும் ஜாக்கெட்.

ஃப்ளீஸ் முழு ஜிப் வைத்ததாக இருக்க வேண்டும். காரணம் ரயிலும் பேருந்தும்தான். உள்ளே ஹீட்டர் ஓடும். ஏறியதும் தொப்பி, ஸ்கார்ஃபைக் கழற்றி, ஜிப்பையெல்லாம் திறந்துவிடுங்கள். அப்படியே உட்கார்ந்திருந்தால் முதுகு நனையும். இறங்கி நிற்கும்போது அந்த ஈரம்தான் நடுங்க வைக்கும். தலைவழியாக மாட்டும் ஸ்வெட்டரை நெரிசலில் எப்படிக் கழற்றுவீர்கள்?

விமானத்தில் வந்து இறங்குகிறவர்கள் ஜாக்கெட்டைக் கைப்பையிலேயே வையுங்கள். பெட்டி வராமல் போனாலும் வாசலைத் தாண்ட முடியும்.

பூட்ஸ் வாங்கும்போதுதான் பலரும் ஏமாறுகிறார்கள். சரியான அளவில் வாங்கிவிட்டு இரண்டு சாக்ஸைத் திணிப்பார்கள். கால் இறுகி ரத்த ஓட்டம் குறையும், விரல் இன்னும் சில்லிடும். அரை அளவு பெரிதாக எடுத்து, தடித்த கம்பளி சாக்ஸ் ஒன்றே போடுங்கள். உள்ளே நின்று விரல்களை அசைத்துப் பாருங்கள்; தாராளமாக அசைய வேண்டும். குளிர் தரையிலிருந்து ஏறுவதால், பாதத்துக்கு அடியில் விரிக்கும் கம்பளி இன்சோல் ஒன்று போட்டால் நல்ல வித்தியாசம் தெரியும்.

கைக்கு, விரல் பிரிந்த கிளவுஸைவிட நான்கு விரலும் சேர்ந்திருக்கும் மிட்டன்தான் சூடு.

வானிலை அறிக்கையில் காற்றையும் பாருங்கள். மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று வீசினால், திறந்த தோலுக்கு அது மைனஸ் 20 மாதிரி. காதும் மூக்கும்தான் முதலில் மாட்டும்.

குழந்தையைக் காரில் ஏற்றும்போது தடித்த ஜாக்கெட்டோடு சீட்டில் கட்டாதீர்கள். மோதினால் ஜாக்கெட் அமுங்கி பெல்ட் தளர்ந்துவிடும். கழற்றி, பெல்ட்டை இறுக்கி, அதே ஜாக்கெட்டை மேலே போர்த்துங்கள்.

விரல் மரத்து வெளுத்துப்போனால் தேய்க்கக் கூடாது, ஹீட்டரில் காட்டவும் கூடாது. உணர்ச்சி இல்லாததால் சுடுவதே தெரியாது. உள்ளே போய் வெதுவெதுப்பான நீரில் வையுங்கள். அப்படியும் உணர்ச்சி திரும்பாவிட்டால் உடனே மருத்துவரிடம் போங்கள்.