எக்செல் மேக்ரோ ஃபைல் திறந்தா சிவப்பு பட்டை வருது, எல்லா மேக்ரோவையும் எனேபிள் பண்ணிடலாமா?

மஞ்சக்குப்பம்_கணக்கு:
வணக்கம், கடலூர்ல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை பாக்குறேன். ஜிஎஸ்டி போர்ட்டல்லேர்ந்து ஜிஎஸ்டிஆர் 9 (வருஷ ரிட்டர்ன்) ஆஃப்லைன் டூல் இறக்கி திறந்தா மேல சிவப்பு பட்டை, மேக்ரோவ (ஃபைலுக்குள்ளேயே இருக்கற குட்டி புரோகிராம்) பிளாக் பண்ணிட்டோம்னு வருது. முன்னாடிலாம் மஞ்சள் பட்டை வரும், எனேபிள் கன்டென்ட் அமுக்கிட்டு வேலைய பாப்போம், இப்ப அந்த பட்டனே இல்ல, வேலிடேட் அமுக்குனா அசைய மாட்டேங்குது. பக்கத்து கடை தம்பி எக்செல்லோட பாதுகாப்பு செட்டிங் இருக்கற டிரஸ்ட் சென்டர்ல போய் எல்லா மேக்ரோவையும் எனேபிள் பண்ணிடுங்கக்கான்றான். இதே சிஸ்டத்துலதான் கிளையன்ட்டுங்க பாஸ்வேர்டு எல்லாம் இருக்கு, அதான் யோசனையா இருக்கு.

வில்லியனூர்_சிஸ்டம்:
அக்கா, தயவுசெஞ்சு அதை மட்டும் பண்ணாதீங்க. அந்த செட்டிங் இந்த ஒரு ஃபைலுக்கு இல்ல, நாளைக்கு மெயில்ல இன்வாய்ஸ்னு பேர் போட்டு எவனோ அனுப்புறதுக்கும் சேர்த்து கதவ திறந்து விடுற மாதிரி. நெட்லேர்ந்து வர்ற ஃபைல் மேல விண்டோஸ் ஒரு முத்திரை குத்தும், அது இருந்தா மேக்ரோ ஓடக்கூடாதுன்னு மைக்ரோசாஃப்ட் 2022ல மாத்திட்டாங்க, நடுவுல ஜூலைல கொஞ்ச நாள் நிறுத்திட்டு அதே மாசம் திரும்ப கொண்டு வந்தாங்க. எமோடெட் மாதிரி வைரஸ்லாம் வேர்டு, எக்செல் மேக்ரோ வழியாதான் ஆபீஸ் ஆபீஸா பூந்துச்சு, அதனால நியாயமான தடைதான்.

நீங்க போர்ட்டல் அட்ரஸ நேரா டைப் பண்ணி இறக்குனீங்கன்னா பயப்பட வேணாம். எக்செல்ல மூடுங்க, பிரிச்சு வச்ச ஃபோல்டர தூக்கிடுங்க, ஜிப் மேல ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், ஜெனரல் டேப்ல அடியில அன்பிளாக்னு சின்ன கட்டம் இருக்கும், டிக் போட்டு அப்ளை. அப்புறமா பிரிங்க. ஜிப்ப அப்படியே பிரிச்சா உள்ள இருக்கற ஃபைலுக்கும் முத்திரை ஒட்டிக்கும், பல பேர் இங்கதான் மாட்டிக்கறாங்க.

முத்தியால்பேட்டை_டேலி:
பென்டிரைவ்ல போட்டு திரும்ப எடுத்தா சிவப்பு போயிடும்னு ஒரு வழி சொல்லுவாங்க. போகும்தான், அந்த முத்திரை என்டிஎஃப்எஸ்ங்கற ஃபார்மட்ல இருக்கற டிஸ்க்லதான் நிக்கும், பென்டிரைவ் பெரும்பாலும் ஃபேட்32ங்கற வேற ஃபார்மட், அதுல நிக்காது. ஆனா ஃபைல் சுத்தமாயிடல, எங்கேர்ந்து வந்துச்சுங்கற அடையாளம்தான் அழிஞ்சுது. அதனால எவர் பென்டிரைவ்ல குடுத்தாலும் சிவப்பு வரலயேன்னு நம்பிடாதீங்க. இன்னொன்னு, டிரஸ்டட் லொகேஷனா, அதாவது எக்செல் கேள்வி கேக்காம மேக்ரோவ ஓட விடுற இடமா, டவுன்லோட்ஸ் ஃபோல்டர எந்த காலத்துலயும் போடக்கூடாது.

மஞ்சக்குப்பம்_கணக்கு:
ரொம்ப நன்றிங்க, ஜிப்ல டிக் போட்டு பிரிச்சேன், மஞ்சள் பட்டை வந்துச்சு, வேலிடேட் ஓடுது. இப்ப பாண்டில 34ல ஆரம்பிக்கற ஜிஎஸ்டி நம்பர் வச்சிருக்க ஒரு கிளையன்ட் மெயில்ல ஸ்டாக் லிஸ்ட் அனுப்பிருக்கார், அதுவும் எக்ஸ்எல்எஸ்எம் (மேக்ரோ வைக்கற எக்செல் ஃபைல்), அதே சிவப்பு. இதுக்கும் டிக் போடலாமா?

வில்லியனூர்_சிஸ்டம்:
வேணாங்கா. ஸ்டாக் லிஸ்ட்டுக்கு எதுக்கு மேக்ரோ? நம்பர் மட்டும் போதும்னா அன்பிளாக் பண்ணவே தேவையில்ல, சிவப்பு பட்டையோடயே செல்லுல இருக்கறத படிக்கலாம். அவருக்கு ஒரு போன் போடுங்க, மெயில்ல இருக்கற நம்பருக்கு இல்ல, உங்ககிட்ட ஏற்கனவே இருக்கற நம்பருக்கு, நீங்கதான் அனுப்புனீங்களான்னு கேளுங்க. அவர்தான்னா எக்ஸ்எல்எஸ்எக்ஸா சேவ் பண்ணி அனுப்ப சொல்லுங்க, அந்த ஃபார்மட்ல மேக்ரோ நிக்காது. பழைய எக்ஸ்எல்எஸ் வேணாம், அதுல மேக்ரோ ஒளிஞ்சிருக்கலாம். ஆன்லைன் வைரஸ் ஸ்கேனர்ல ஏத்தி பாக்கலாம்னு யாராச்சும் சொன்னா அதுவும் கிளையன்ட் கணக்குக்கு வேணாங்கா, ஏத்துன ஃபைல வேற ஆளுங்களும் எடுத்து பாக்கற சைட்டுங்க இருக்கு.