போர் விமானி ஆக விரும்பும் பிள்ளைக்கு வழி சொல்லுங்கள்

குழுவில் இருக்கும் அண்ணன்மார், அக்காமாருக்கு வணக்கம். என் அக்கா மகள் பாளையங்கோட்டையில் பிளஸ் டூ படிக்கிறாள். கணக்கும் இயற்பியலும் எடுத்திருக்கிறாள். போர் விமானம்தான் ஓட்டுவேன் என்று உறுதியாக நிற்கிறாள். தஞ்சாவூரில் சுகோய் விமானப் படைப்பிரிவு வந்ததிலிருந்தே இந்த ஆசைதான்.

2016-லேயே பெண்கள் போர் விமானி ஆகிவிட்டார்கள். 2022-லிருந்து என்டிஏ என்ற தேசியப் பாதுகாப்பு அகாடமியிலும் பெண்களைச் சேர்க்கிறார்கள். அதனால் வீட்டில் யாரும் தடுக்கவில்லை. அதற்கான யுபிஎஸ்சி எழுத்துத் தேர்வுக்குப் படித்துக்கொள்வாள். அதற்கு அப்புறம்தான் எங்களுக்குத் திகைப்பு.

படை அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் எஸ்எஸ்பி வாரியத்தின் நேர்முகத் தேர்வு 5 நாள் நடக்கும். குழுவாகப் பேசுவது, கயிறு, பலகை வைத்துத் தடை தாண்டுவது எல்லாம் உண்டு. இதை நெல்லைப் பக்கம் யாராவது நேரில் சொல்லித் தருகிறார்களா? விமானி தேர்வுக்கான கணினிச் சோதனையை வாழ்நாளில் ஒரே முறைதான் எழுத முடியும். தவறினால் பறக்கும் பிரிவே கிடையாது. அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

உயரம் 162.5 செ.மீ., கால் நீளம் குறைந்தது 99 செ.மீ. வேண்டும். கதவு நிலையில் சாய்த்து நிறுத்தி, தையல் நாடாவால் அளந்தோம். உயரம் சரி. கால் அளவை எப்படி எடுப்பார்கள் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கண் பரிசோதனைக்கு எங்கே காட்டலாம்?

நம்ம ஊர்ப்பக்கம் விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் இருந்தால், இவளிடம் அரைமணி நேரம் பேசினாலே பெரிய உதவி. உள்பெட்டியில் சொல்லுங்கள், கூட்டி வருகிறேன்.