3 கிரெடிட் பாடத்துக்கு எத்தனை லீவு போடலாம்? 11-ஆ, 12-ஆ?

கணக்குப்பிள்ளை:
நகரத்துக்குள் இருக்கும் தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் சேரப்போகிறவர்களுக்கு ஒருவர் நேற்று ஆலோசனை மழை பொழிந்திருக்கிறார். அதில் ஒரு வரி: “3 கிரெடிட் பாடத்துக்கு 12 வகுப்பு வரை பயமில்லாமல் கட் அடிக்கலாம், 75 சதவீதம் தப்பிக்கும்.” அதற்குக் கீழே வரிசையாக நன்றி வேறு. 3 கிரெடிட் என்றால் வாரம் 3 பீரியட், 15 வாரம், மொத்தம் 45. தேர்வெழுத வேண்டிய வருகை அதில் 75 சதவீதம், அதாவது 33.75. முக்கால் பீரியட் என்று எவனும் உட்கார முடியாது, ஆகவே 34. மிச்சம் 11. பன்னிரண்டாவது லீவு போட்டால் 33/45, அதாவது 73.3. ஹால் டிக்கெட் கிடையாது. சேரும் முன்பே பிள்ளைகளைக் கவிழ்க்காதீர்கள்.

கடைசி பெஞ்ச்:
அந்த மழை அடியேன்தான். செமஸ்டர் 16 வாரம். 16×3=48. முக்கால் பங்கு 36. மிச்சம் 12, புள்ளிகூட ஒட்டாமல். கால்குலேட்டர் வைத்திருப்பவர் கூடவே ஒரு காலண்டரும் வைத்துக்கொள்ளலாம்.

கணக்குப்பிள்ளை:
காலண்டரா? சரி, பார்ப்போம். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி சொல்வது செமஸ்டருக்கு 90 கற்பித்தல் நாள். வாரம் 6 நாள் என்றால் அது 15 வாரம். உங்கள் 16-இல் இடைத்தேர்வு நாட்களும் டெக் ஃபெஸ்ட்டும் அடங்கும். அந்த நாட்களில் வருகைப்பதிவே கிடையாது. இன்னொன்று: பின்னத்தின் பகுதியில் வருவது அட்டவணையில் அச்சடித்த எண் அல்ல, வருகைக் கணக்கை மூடும் கட்-ஆஃப் தேதி வரை ஆசிரியர் இணையப் போர்ட்டலில் ஏற்றிய வகுப்பு எண்ணிக்கை. அவர் 41 தான் ஏற்றியிருந்தால் 30.75, அதாவது 31 போயிருக்க வேண்டும். அப்போது 10 தான். நான் 11 என்பதே தாராளம்.

கடைசி பெஞ்ச்:
காலையில் 11, மத்தியானம் 10. ராத்திரி சாப்பாட்டுக்குள் 9 ஆகிவிடுமா பிள்ளைவாள்? விட்டுப்போன வகுப்பைத்தான் சனிக்கிழமை மண்டே ஆர்டர் (திங்கள் கால அட்டவணை) வைத்து நிரப்புகிறார்களே. 48 வந்துவிடும். 12.

லிஃப்ட் வரிசை:
இரண்டு பேருக்கும் ஒன்று தெரியவில்லை. லீவு போட்டு டீபார் ஆகி, அதாவது தேர்வு எழுத முடியாமல் போகிறவனைவிட, வந்தும் ஆப்சென்ட் வாங்குகிறவன்தான் பாவம். நகரத்துக்குள் நிலம் கிடையாது, அதனால் பிளாக் எல்லாம் எட்டு மாடி, ஒன்பது மாடி. பீரியடுகளுக்கு நடுவே 10 நிமிடம். அதில் லிஃப்டுக்கு நின்றே பாதி போய்விடும். வருகைப்பதிவு முதல் 5 நிமிடத்தில் முடிந்துவிட்டால் உள்ளே உட்கார்ந்து நோட்ஸ் எடுத்தாலும் ஆப்சென்ட்தான். ஸ்லாட், அதாவது வகுப்பு நேரம், தேர்வு செய்யும்போதே அடுத்தடுத்த இரண்டு வகுப்பும் ஒரே பிளாக்கில் வருகிற மாதிரி பாருங்கள். பிரபல ஆசிரியரின் ஸ்லாட் என்று பாய்ந்து எடுத்தால் மூச்சு வாங்க ஏற வேண்டியதுதான்.

கடைசி பெஞ்ச்:
படி ஏறினால் உடம்புக்கு நல்லது.

லிஃப்ட் வரிசை:
ஹாஸ்டலில் இருந்து இரண்டு நிமிடத்தில் நடந்து வருகிறவர்களுக்கு வாய் நீளம். எட்டு மணி வகுப்புக்கு ஊர் டிராஃபிக்கில் வந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

ஓ.டி. ஓவியா:
சார், ஃபெஸ்ட் மாதிரி வேலைக்கு ஓ.டி. (ஆன்-டியூட்டி அனுமதி) வாங்கினால் அதுவும் இந்த 12-இல் சேருமா?

கணக்குப்பிள்ளை:
12 இல்லைம்மா, 11. ஓ.டி.யில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். 45-இல் 28 வகுப்புக்குப் போயாச்சு, 6 ஓ.டி., 11 லீவு என்று வையுங்கள். ஓ.டி.யை வந்ததாகவே கணக்கு வைக்கும் இடத்தில் 34/45, 75.6 சதவீதம், பாஸ். ஓ.டி. வகுப்புகளை மொத்தத்திலிருந்தே கழிக்கும் இடத்தில் 28/39, 71.8 சதவீதம், அவுட். அதே மாணவர், அதே நாட்கள். எந்த முறை என்று ஒழுங்குமுறைப் புத்தகத்தில் பார்த்துவிட்டு ஃபெஸ்ட்டுக்குப் பெயர் கொடுங்கள். கடிதத்தில் கையெழுத்து வாங்கினால் போதாது, போர்ட்டலில் ‘ஓ.டி.’ என்று மாறியிருக்கிறதா என்று அந்த வாரத்துக்குள்ளேயே பார்க்கணும். கட்-ஆஃப் முடிந்தபின் திருத்த ஆசிரியராலும் முடியாது.

மெஸ் டோக்கன்:
இந்த நிகர்நிலைக்கெல்லாம் இவ்வளவு ஆராய்ச்சியா? பல்கலைக்கழகம் என்று பெயரில் போடாதே என்று யுஜிசியே சொன்ன கூட்டம்தானே.

மூன்றாம் பிரிவு:
2017 நவம்பரில் 123 நிறுவனங்களிடம் சொன்னது. உச்ச நீதிமன்றத் தீர்ப்பை அடுத்து வந்த உத்தரவு அது. பெயர்ப் பலகையைப் பற்றிய விஷயம், பட்டத்தைப் பற்றியது அல்ல. 1956 யுஜிசி சட்டத்தின் 3-ஆம் பிரிவில் அறிவிக்கப்பட்ட நிறுவனம் தன் பெயரிலேயே பட்டம் கொடுக்கலாம். பாதிச் செய்தியைப் படித்துவிட்டு வந்து ஏளனம் பேசுவது சுலபம்.

மெஸ் டோக்கன்:
பலகையை மாற்றச் சொன்னார்களா இல்லையா? அது போதும் எனக்கு.

கடைசி பெஞ்ச்:
கணக்குப்பிள்ளை பேச்சை மாற்ற ஆள் சேர்த்துவிட்டார் போல. இவர் ரிலேட்டிவ் கிரேடிங் (வகுப்புச் சராசரியை வைத்து கிரேடு போடுவது) இழையில் என்ன பாடுபடுத்தினார் என்று பழைய ஆட்களுக்குத் தெரியும்.

கணக்குப்பிள்ளை:
நன்றாக ஞாபகம் இருக்கிறது. வகுப்புச் சராசரி 78, திட்டவிலக்கம் 6, உச்ச கிரேடான எஸ் கிரேடின் எல்லை சராசரிக்கு மேல் ஒன்றரை மடங்கு விலக்கம். 78+9=87. நீங்கள் 84 என்று மூன்று நாள் நின்றீர்கள். அன்றைக்கு அரை மடங்கை விழுங்கினீர்கள், இன்றைக்கு ஒரு வகுப்பை விழுங்குகிறீர்கள்.

சாம்பார் வாளி:
ஐயா, மொத்தம் 45 என்றால் 11. மொத்தம் 48 என்றால் 12. உங்கள் இடத்தில் எத்தனை நடக்கிறது என்று முதலில் இரண்டு பேரும் சொல்லிவிட்டால் முடிந்தது.

கடைசி பெஞ்ச்:
நடுவர் வேலைக்கு விளம்பரம் கொடுக்கவில்லை தம்பி. 12.

கணக்குப்பிள்ளை:
எத்தனை நடந்தாலும் சூத்திரம் ஒன்றுதான்: ஒரு லீவுக்கு மூன்று வருகை. 20 வகுப்பு நடந்து 6 லீவு என்றால் போனது 14, தேவை 18. இனி நான்கு வகுப்பு தொடர்ந்து போனால் 18/24, சரியாக 75. லேப் என்றால் கவனம் இன்னும் வேண்டும். இரட்டைப் பீரியடாக 15 அமர்வு, அதில் 12 போயாகணும், மூன்றுதான் விடலாம். நான்கு விட்டால் 11/15, திரும்பவும் அதே 73.3. தியரியில் 90 சதவீதம் வைத்திருந்தாலும், லேபைத் தனியாகப் பார்க்கும் இடத்தில் அது கைகொடுக்காது. போர்ட்டலில் 75 என்று தெரிவதையும் நம்ப வேண்டாம். 41/55 என்பது 74.55. திரை அதை 75 ஆக்கிக் காட்டும், தேர்வுப் பிரிவு முழு தசமத்தையும் பார்க்கும். சில இடங்களில் 65 வரை மருத்துவச் சான்று, கண்டோனேஷன் (வருகைக் குறைவை மன்னிக்கும்) கட்டணம் என்று ஒரு வாசல் உண்டு. 12 வகுப்பு கட் அடித்தவருக்கு அந்த வாசலில்தான் வேலை.

லிஃப்ட் வரிசை:
தேர்வுப் பிரிவு எத்தனாவது மாடி என்றும் சொல்லிவிடுங்கள்.

கடைசி பெஞ்ச்:
இவ்வளவு நீளமாக எழுதியும் 48-இல் 36 போனால் மிச்சம் எத்தனை என்று மட்டும் சொல்லவில்லை பாருங்கள்.

கணக்குப்பிள்ளை:
நடக்காத 48-க்கு மிச்சம் எதற்கு? 11.

ஓ.டி. ஓவியா:
4 கிரெடிட் பாடத்துக்கு எத்தனை சார்?

கணக்குப்பிள்ளை:
60 பீரியட். 45 போகணும். 15 விடலாம்.

கடைசி பெஞ்ச்:
64. 48 போகணும். 16.