மறுமொழி: கொனிடியத்துக்கு ‘நுனிவித்து’ பொருந்துமா?

> சி. வி. சுப்ரமணியன் பற்றிய கட்டுரையில் கொனிடியம் வரும் இடமெல்லாம் ‘நுனிவித்து’ என்று போட்டுவிடலாமா?

வேண்டாம் ஐயா. பூஞ்சையின் பாலிலா வித்தான கொனிடியம் இழை நுனியில் உண்டாகிறது என்பதால் சொல்கிறீர்கள், புரிகிறது. ஆனால் ஜியோட்ரைக்கம் பூஞ்சையில் இழையே குறுக்குச்சுவர் எழுப்பித் துண்டு துண்டாக முறிகிறது. ஒவ்வொரு துண்டும் ஒரு கொனிடியம். அங்கே நுனிக்கு என்ன வேலை?

வேறு யாருடைய வாழ்க்கைக் குறிப்பாக இருந்தாலும் விட்டுவிடலாம். இவர் விஷயத்தில் முடியாது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் டி. எஸ். சதாசிவனிடம் பருத்தி வாடல் நோயில் ஆராய்ச்சியைத் தொடங்கியவர், பேர் வாங்கியது ஹைஃபோமைசீட்ஸ் (இழைகளில் வெளிப்படையாகக் கொனிடியம் உண்டாக்கும் பூஞ்சைகள்) வகைப்பாட்டில். முன்பெல்லாம் இத்தாலியப் பூஞ்சையியலாளர் சக்கார்டோவின் வழியில் கொனிடியத்தின் நிறம், வடிவம், அறைகள் இவற்றைப் பார்த்துத்தான் பிரிப்பார்கள். உறவே இல்லாத பூஞ்சைகள் ஒரே குடும்பத்தில் வந்து விழும். 1953-இல் பூஞ்சையியலாளர் ஹியூஸும் 1962-இல் சுப்ரமணியனும் கொனிடியம் எப்படிப் பிறக்கிறது என்பதை முதலில் பார்க்கச் சொன்னார்கள். அப்புறம் 1971-இல் சுப்ரமணியன், செர்க்கோஸ்போரா என்ற பேரினத்தின் வகையறா நீங்கலாக இந்திய ஹைஃபோமைசீட்ஸ் இனங்களைத் தொகுத்து நூலாகவும் கொடுத்தார்.

ஆகவே அடிச்சொல் பிறப்பைப் பற்றி எதுவும் சொல்லக் கூடாது. அது அடைமொழியில் வரட்டும். என் தேர்வு ‘தூளியம்’. கிரேக்க மூலத்துக்கும் தூசி என்றுதான் பொருள். அரும்பிப் பிறந்தால் அரும்புதூளியம், முறிந்து பிறந்தால் முறிதூளியம். வினைத்தொகை என்பதால் ஒற்று மிகுமா என்ற சண்டையும் இல்லை!

> அப்படியானால் ஃபியலைடு? ‘குப்பிக்கலம்’ எப்படி?

குப்பி பிரமாதம். ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சையில் தூளியத்தை உண்டாக்கும் அந்தச் செல் கழுத்துச் சிறுத்த குப்பியேதான். வாய் வழியாகத் தூளியம் ஒவ்வொன்றாக வெளியே வரும். புதியது பழையதைத் தள்ளிக்கொண்டே போகும். சங்கிலியின் கடைசியில் இருப்பதுதான் மூத்தது. ஆனால் ‘கலம்’ என்றால் பாத்திரம் என்றும் பொருள். குப்பியும் பாத்திரமும் சேர்ந்தால் சமையலறைச் சாமான் மாதிரி இருக்கிறது. குப்பிச்செல் போதுமே.

> மகரந்தத் தூளோடு தூளியம் குழம்பாதா?

பூஞ்சைக் கட்டுரையில் மகரந்தம் எங்கிருந்து வரப்போகிறது? வேண்டுமானால் முதல் இடத்தில் மட்டும் ‘தூளியம் (கொனிடியம்)’ என்று போடுங்கள். பேரினப் பெயர்களில் மட்டும் கை வைக்க வேண்டாம்; ஆஸ்பெர்ஜில்லஸ் அப்படியே இருக்கட்டும்.