எல்எல்.பி. கூடவே எம்.ஏ. தத்துவம் படிக்கலாமுங்களா?

பவானிக்கரை:
பி.காம். முடிச்சாச்சு. கோவை அரசு சட்டக் கல்லூரியில 3 வருச எல்எல்.பி. சேரலாம்னு இருக்கேனுங்க. கூடவே எம்.ஏ. தத்துவமும் படிக்க ஆசை. விதி இடம் குடுக்குமா? பின்னாடி வக்கீலாப் பதிவு செய்யறப்ப சிக்கல் வருமுங்களா?

நொய்யல்:
படிக்கலாமுங்க, ஆனா தத்துவம் தொலைநிலையில மட்டும். பார் கவுன்சிலோட 2008 சட்டக் கல்வி விதிகள்ல 6ஆம் விதியைப் பாருங்க. சட்டத்தோட இன்னொரு ரெகுலர் படிப்பு கூடாது. பல்கலைக்கழகத் தொலைநிலைப் படிப்புக்கு விலக்கு உண்டு. ரெண்டு பட்டம் ஒண்ணாப் படிக்கலாம்னு 2022ல யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) சொன்னதை நம்பி ரெகுலர்ல சேர்ந்துடாதீங்க. வக்கீலாப் பதியறப்ப பார்க்கறது பார் கவுன்சில் விதியைத்தான். ஒவ்வொரு பாடத்துக்கும் 70% வருகை வேற வேணும்.

இக்னோ (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) எம்.ஏ. தத்துவத்தை 2 வருசத்துலயும் முடிக்கலாம், 4 வருசம் வரைக்கும் இழுக்கலாம். இழுங்க. அங்க பரீட்சை ஜூன், டிசம்பர்ல. செமஸ்டர் தேதியோட மோதும். அசைன்மென்ட்டை முன்னாடியே குடுத்துட்டு, ஒரு தடவைக்கு ரெண்டு மூணு தாளோட நிறுத்திக்குங்க.

காங்கேயத்தார்:
விதி சரிங்க. ஆனா ரெண்டு படிப்புக்கும் எழுதற முறை வேற, மார்க் போறது அதுலதான். 1976 ஏடிஎம் ஜபல்பூர் வழக்கையே எடுத்துக்குங்க. சட்டத் தாள்ல, நெருக்கடி நிலையில ஆட்கொணர்வு மனு போட முடியுமாங்கறது எழுவினா (கோர்ட்டு தீர்க்க வேண்டிய கேள்வி), முடியாதுன்னு 4-1 தீர்ப்பு, நீதிபதி எச்.ஆர். கன்னா மட்டும் மறுத்தாரு; 2017 புட்டசாமி தீர்ப்பு (அந்தரங்க உரிமை வழக்கு) அதை ரத்து பண்ணுச்சு. இதுல ஒண்ணு விட்டாலும் மார்க் குறையும். உங்க அபிப்பிராயம் கடைசியில ரெண்டு வரி போதும்.

தத்துவத் தாள்ல கன்னா சொன்னாருங்கறது வாதமே ஆகாது. உயிர்வாழும் உரிமை சட்டம் குடுத்ததா, சட்டத்துக்கு முந்தினதா? முந்தினதுன்னா எதை வச்சு நிறுவறீங்க? அநியாயமான சட்டமும் சட்டம்தான், அதுக்குக் கீழ்ப்படியணுமாங்கறது தனிக் கேள்வின்னு, சட்டத் தத்துவ அறிஞர் எச்.எல்.ஏ. ஹார்ட் பக்கத்து ஆள் மறுப்பாரு. அந்த மறுப்பைக் கொஞ்சமும் நீர்க்காம எழுதிட்டுத்தான் உங்க பதிலுக்கு வரணும். தீர்ப்பைக் காட்டியே முடிச்சுப் பழகினவங்க இங்கதான் திணறுவாங்க.

பருத்திக்காடு:
மீமாம்சையை விட்டுடாதீங்க. வேத வாக்கியத்துக்குப் பொருள் காண வச்ச விதிகள் அது. நீதிபதி மார்க்கண்டேய கட்ஜு அதைச் சட்டத்துக்குப் பொருள் சொல்லவே தீர்ப்புகள்ல கையாண்டிருக்காரு. சட்டங்களுக்குப் பொருள் காணற தாள் வர்ற செமஸ்டர்ல அதையும் சேர்த்துப் படிங்க. இன்னொண்ணு, எல்எல்.பி. முதல் செமஸ்டர் முடியட்டும், அப்புறம் தத்துவத்துல சேருங்க. இக்னோவுல ஜனவரிச் சேர்க்கையும் உண்டுங்க.