ஒளிஞ்சிருந்து அடிச்சா முதல் அடி நமக்குத்தானே? டிஎம் ஒத்துக்க மாட்டேங்குறான்

மண்டபம்_அம்புக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். மண்டபத்துல நாங்க அஞ்சு பேர் ஞாயித்துக்கிழமை ராத்திரி மொட்டைமாடியில டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுறோம், ஆளுக்கொரு வேஷம் எடுத்து பகடை உருட்டி கதையா ஆடுற ஆட்டம், அஞ்சாம் எடிஷன், 2014 புக்கு. காத்துல ஷீட்டு பறக்காம இருக்க சங்கு வச்சு அமுக்கிட்டுத்தான் ஆட்டமே. போன வாரம் பாதியில நின்னு போச்சு, டிஎம்மும் (ஆட்டத்தை நடத்துறவன்) நானும் இன்னும் சரியா பேசிக்கல, அதான் கேக்குறேன்.

மணல் திட்டு, ஒரு பக்கம் தாழம்புதரு, நடுவுல தீ மூட்டி கொள்ளைக்காரங்க நாலு பேர் உக்காந்திருக்காங்க. மூணு பேர் சாதா பேண்டிட், ஒருத்தன் ஸ்கவுட் (வேவுக்காரன்). நான் ரோக் (பதுங்கி அடிக்கிற ஆளு), மூணாவது லெவல், அதுல அசாசின்ங்கிற கொலையாளிப் பிரிவை எடுத்தப்புறம் இதான் முதல் சண்டை. பதுங்குறதுக்கு உருட்டுற ஸ்டெல்த் எனக்கு 19 விழுந்துச்சு, விசார்டுக்கு (மந்திரவாதி) 16, கிளெரிக்குக்கு (பூசாரி) 12. பாலடின் (சாமி பேரால சண்டை போடுற வீரன்) செயின் மெயில்ங்கிற இரும்புச்சட்டை போட்டிருக்கான், டிஸ்அட்வான்டேஜ், ரெண்டு டி20 (இருபது பக்கப் பகடை) உருட்டுனதுல 11ம் 4ம், சின்னதுதான் கணக்கு, 4. உடனே டிஎம் நாலு பேருமே சத்தத்தைக் கேட்டுட்டாங்க, யாரும் சர்ப்ரைஸ் (அசந்து மாட்டுறது) இல்லன்னுட்டான். நான் அதுக்கு முன்னாடியே அம்பு விடுறேன்னு சொல்லிட்டேன், அதையும் ஏத்துக்காம இனிஷியேட்டிவ் (யாரு முறை முதல்லன்னு பாக்குற உருட்டு) போடச் சொன்னான். எனக்கு 5, பேண்டிட்டுக்கு 14. அவனுங்க வந்து வெட்டுனதுக்கு அப்புறம்தான் என் அம்பே கெளம்புச்சு. முன்னாடியே சொன்ன அம்பு எனக்குச் சேராதா? ஒருத்தன் சத்தம் போட்டதுக்கு நாலு பேரு உழைப்பும் போயிருமா?

கீழக்கரை_டிஎம்:
தம்பி, கோவம் புரியுது, ஆனா 2014 புக்குப்படி உங்க டிஎம் செஞ்சது சரி. அந்தப் புக்குல சர்ப்ரைஸ் ரவுண்டுன்னு தனியா ஒண்ணு கிடையாது. மூணரை எடிஷன்ல இருந்துச்சு, முழிச்சிருக்கிறவங்க மட்டும் ஒரு ஆக்‌ஷன் பண்ணிட்டு அப்புறம் வழக்கமான ரவுண்டு. அந்தப் பழக்கம் வாய் வழியா வந்து இன்னும் நிறைய பேர் மனசுல நிக்குது.

இப்ப நடக்குறது என்னன்னா, ஒளிஞ்சு வர்றவங்க ஸ்டெல்த்தை எதிராளி ஒவ்வொருத்தனோட பாசிவ் பெர்செப்ஷனோட (பகடை உருட்டாமலே கவனிக்கிற அளவு) வச்சுப் பாக்கணும். பேண்டிட்டுக்கு 10, ஸ்கவுட்டுக்கு 15. வர்றவங்கள்ல ஒருத்தனைக் கண்டுபிடிச்சாலே போதும், அவன் சர்ப்ரைஸ் இல்ல. பாலடினோட 4 எல்லாருக்கும் கேட்டிருச்சு. பாலடின் இல்லாம மூணு பேர் மட்டும் போயிருந்தா பேண்டிட் மூணு பேரும் அசந்திருப்பானுங்க, ஸ்கவுட் மட்டும் கிளெரிக்கோட 12ஐ கவனிச்சு முழிச்சிருப்பான். கூட்டத்துக்கே ஒரே தீர்ப்பு கிடையாது, ஆளாளுக்குத் தனித்தனி. அசந்தவன் தன்னோட முதல் முறையில நகரவும் முடியாது ஆக்‌ஷனும் கிடையாது, அந்த முறை முடியுற வரைக்கும் அடுத்தவன் முறையில பதிலுக்குச் செய்ற ரியாக்‌ஷனும் இல்ல.

அம்பு விடுறேன்னு வாயால சொன்னதுக்கு முன்னுரிமை இல்ல. சண்டை ஆரம்பிக்குதுன்னா மொதல்ல இனிஷியேட்டிவ், அவ்வளவுதான். இன்னொண்ணு, இது நிறைய அசாசினுக்குத் தெரியாது, பேண்டிட் அசந்தே இருந்தாலும் அவனுக்கு 14 உனக்கு 5ன்னா அவனோட முறை சும்மா கழிஞ்சதும் சர்ப்ரைஸும் முடிஞ்சிருது, அப்புறம் நீ அடிச்சா, அசந்தவனை அடிக்கும்போது அசாசினுக்குத் தானா வர்ற கிரிட்டிக்கல் (ரெண்டு மடங்கு பகடை உருட்டுற அடி) கிடையாது. இன்னும் உன்னை அவன் பாக்கலைன்னா ஒளிஞ்சிருந்து அடிக்கிற அட்வான்டேஜ் (ரெண்டு உருட்டுல பெருசு கணக்கு) மட்டும் உண்டு.

தேவிபட்டினம்_வலைக்காரன்:
கீழக்கரை காக்கா (அண்ணன்) சொன்னதுதான் சரி, இந்த ஆளாளுக்குத் தனிங்கிறத நான் கண்ணால பாத்திருக்கேன். எங்க அப்பாகூட வடகடல் பக்கம் விடியக்காலையில வள்ளத்துக்குப் போவேன், சேத்துல கால் வைக்கும்போது நாங்க எவ்வளவு மெதுவா நடந்தாலும் ஆள்காட்டிக் குருவி ஒண்ணு கத்திக்கிட்டே தலைக்கு மேல சுத்தும். அது கத்துனதும் வள்ளத்துல இருக்கிறவங்களப் பாருங்க, வலைமேல படுத்திருக்கிற சின்னப்பய அசையவே மாட்டான், ஒருத்தர் பீடியக் கையில மறைச்சுக்கிட்டு இருட்டையே பாப்பாரு, எத்தனை பேரு வர்றாங்கன்னு அவருக்குத் தெரியாது, ஆனா யாரோ வர்றாங்கன்னு தெரிஞ்சுபோச்சு. அந்தப் பெரியவர் சர்ப்ரைஸ் இல்ல, அந்தப் பய சர்ப்ரைஸ். உங்க பாலடின்தான் அன்னைக்கு ஆள்காட்டி.

ஆனா டிஎம்கிட்ட ஒண்ணு கேளுங்க, அதே புக்குல குரூப் செக் இருக்கு, எல்லாரும் உருட்டி குறைஞ்சது பாதிப் பேரு ஜெயிச்சா மொத்தக் குழுவும் ஜெயிச்ச மாதிரி. எங்க டேபிள்ல சேர்ந்து பதுங்கிப் போறதுக்கு அதைத்தான் வச்சிருக்கோம், இரும்புச்சட்டை போட்டவனை வீட்லயே விட்டுட்டு ஆட முடியாதுல்ல, அவனும் நம்ம ஆளுதான. அப்புறம் தீ வெளிச்சம் மங்கலா விழுற எடத்துல கண்ணால பாக்குற பெர்செப்ஷனுக்கு டிஸ்அட்வான்டேஜ், பாசிவ்ல 5 குறையும். சத்தத்துக்கு அது பொருந்தாது, அதனால அன்னைக்கு உங்களுக்கு உதவியிருக்காது.

ராமேஸ்வரம்_பகடை:
2024 புக்குக்கு மாறிட்டா இந்தச் சண்டையில பாதி தீந்துரும். அதுல சர்ப்ரைஸ் ஆனவனுக்கு இனிஷியேட்டிவ்ல டிஸ்அட்வான்டேஜ், முறை பறிபோகாது. ஒழுங்கா ஒளிஞ்சிருந்தா நமக்கு இனிஷியேட்டிவ்ல அட்வான்டேஜ். எனக்கு இதான் புடிக்குது, முதல் ரவுண்டுலயே ஒரு பக்கம் செத்து விழுற கொடுமை இல்ல. போன வருஷம் எங்க ஆட்டத்துல புது ஆளு ஒருத்தர், முதல் நாளே அவரு கேரக்டர் அசந்துபோயி, முறை வர்றதுக்குள்ள விழுந்துருச்சு, அரை மணி நேரம் சும்மா உக்காந்திருந்தாரு, அப்புறம் ஆட வரவே இல்ல. அது எனக்கு இன்னும் உறுத்துது.

மண்டபம்_அம்புக்காரன்:
காக்கா, ரொம்ப நன்றி, 5ம் 14ம் சொன்னீங்கல்ல அத எத்தனை தடவை படிச்சேன்னு தெரியல, அசாசின் எடுக்குறப்ப எனக்கு அது வெளங்கவே இல்ல. இனி டெக்ஸ் (இனிஷியேட்டிவ்ல சேர்ற சுறுசுறுப்பு) ஏத்தணும். டிஎம்முக்கு இப்பத்தான் போன் போட்டேன், தப்பு என்மேலதான்னு சொல்லிட்டேன். குரூப் செக் பத்தி சொன்னேன், யோசிக்கிறேன்னான். பாலடின் ஆடுறவன்கிட்டயும் பேசியாச்சு, அடுத்த தடவை அவன் வள்ளத்துலயே இருப்பான், என் முதல் அம்பு போனதும் தண்ணியில குதிச்சு ஓடி வர்றதா ஏற்பாடு. எத்தனை ரவுண்டு ஆகும்னு தூரத்தை அளந்துக்கிட்டு இருக்கோம்.