எரிவாயுக் குழாய் விபத்துக்குக் கூட்டுப் பயிற்சி: யாராவது நடத்தியிருக்கிறீர்களா?

வணக்கம் நண்பர்களே. டெல்டா பக்கம் ஒரு சின்ன தீயணைப்பு நிலையத்தில் வேலை. எங்கள் எல்லையில் வயலுக்கு அடியில் எரிவாயுக் குழாய் போகிறது.

போன மாதம், வரப்போரம் புஸ்ஸென்று சத்தம் வருகிறதென்று அழைப்பு. போனதும் ஒரு தம்பி நேராகத் தண்ணீர்க் குழலை விரிக்கிறான்; இன்னொருவன் காற்று எந்தப் பக்கம் என்று துண்டைத் தூக்கிப் பார்க்கிறான். நல்லவேளை, பம்புசெட் குழாய்தான் உடைந்திருந்தது. (துண்டுக்காரன்தான் விவரமானவன்!)

நிஜமான கசிவு என்றால்? வால்வை அடைக்காமல் தீயை மட்டும் அணைத்தால் வாயு பரவி மறுபடி பற்றும். அந்த வால்வு நிறுவனத்தின் கையில், ஊர் எங்கள் கையில். 2014 ஜூன் 27 அன்று ஆந்திராவின் ‘நகரம்’ என்ற கிராமத்தில் எரிவாயுக் குழாய் வெடித்ததை நினைத்தால் இன்றும் பதறுகிறது.

குழாய் நிறுவனங்கள் ஒத்திகை நடத்த வேண்டுமெனப் பெட்ரோலியம், இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியத்தின் 2010 விதிகளிலேயே இருக்கிறது. எங்களுக்கு வந்தது ஒரு மணி நேரப் படக்காட்சியும் டீயும் மட்டும்.

நிறுவனமும் தீயணைப்புத் துறையும் சேர்ந்து களத்தில் பயிற்சி நடத்திய அனுபவம் யாருக்காவது உண்டா? கடிதத்தை முதலில் யாருக்கு எழுதுவது, நிறுவனத்துக்கா, ஆட்சியர் அலுவலகத்துக்கா? வாயு அளக்கும் கருவியைச் செலவில்லாமல் கேட்டு வாங்க முடியுமா? தமிழில் பயிற்சிக் குறிப்பு இருந்தால் அனுப்புங்கள். அறுவடை முடிந்ததும் வயலிலேயே நடத்திவிடலாம் என்று பார்க்கிறேன்.